நெருப்புத் துளை

ஹெகின்ஸ், பென்சில்வேனியா
செப்டம்பர் 6, 2009

திரு. எல்வுட் ரைனர்ட் அவர்களுக்கு,

நலமா என்று கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. அதனால் கேட்கவில்லை. போன் செய்தால் என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுவீர்கள். கடிதத்தைக் கிழிப்பதற்கு முன்னால் இரண்டு வரியாவது படிப்பீர்கள் என்று எழுதுகிறேன்.

எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில் ஐந்தடி நீளத்துக்கு ஓர் அட்டைப்பெட்டி இருக்கிறது. அதற்குள் ஒரு பழைய மாதிரித் துப்பாக்கி துண்டு துண்டாகக் கிடக்கிறது. குழலின் வாய் வழியாக வெடிமருந்தையும் குண்டையும் இடித்து இறக்கி, சிக்கிமுக்கிக் கல்லில் பொறி பறக்கவிட்டுச் சுடுவது. நீங்கள் ஆயுசு முழுக்கக் கட்டிக்கொண்டு அழுதீர்களே, அதே வகை. லமார் போன ஜனவரியில் தபாலில் வரவழைத்தது. அதை நான் சேர்த்து முடிக்க வேண்டும். கூட வந்த குறிப்புப் புத்தகம் பதினோரு பக்கம். ஏற்கெனவே தெரிந்தவனுக்காக எழுதியிருக்கிறார்கள். 'பிறகு குழலைக் கட்டையில் பதிக்கவும்' என்று ஒரே வரி. எதை வைத்து, எப்படி, எவ்வளவு ஆழம், ஒன்றும் கிடையாது.

பன்னிரண்டு வருஷம் உங்கள் மனைவியாக அந்த வீட்டில் இருந்தேன். கீழேயிருந்து அரம் தேய்க்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே சமைத்தேன், சாப்பிட்டேன், தூங்கினேன். ஒரு ஆணி அடிக்கக்கூடக் கற்றுக்கொள்ளவில்லை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் சிக்கிமுக்கித் துப்பாக்கிக்காரர்களின் மான் வேட்டைப் பருவம் தொடங்குகிறது, உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதற்குள் முடிய வேண்டும். எனக்குத் தெரிந்தவர்களில் இது தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான்.

அர்லீன் கிஸ்லர்

*

கோடர்ஸ்போர்ட்
செப்டம்பர் 14

அர்லீன்,

'திரு'வாம், 'அவர்களுக்கு'வாம். பன்னிரண்டு வருஷம் என் கால்சட்டையைத் துவைத்துக் காயப்போட்டவளிடமிருந்து இந்த மரியாதை வந்ததும் யாரோ வக்கீல் எழுதியிருக்கிறாரோ என்று பயந்துவிட்டேன்.

பெட்டியை வாங்கியவன் லமார். அவனுக்கு இரண்டு கை இருக்கிறது. பதினாலு வருஷத்துக்கு முன்னால் என் வாசலில் வண்டியை நிறுத்தி உன் பெட்டிகளைத் தூக்கி ஏற்றியபோது இரண்டும் நன்றாகவே வேலை செய்தன. அவனையே செய்யச் சொல். துப்பாக்கிப் போட்டிக்குப் போன நாளெல்லாம் என் பக்கத்தில் நின்று பார்த்தவன்தான், கொஞ்சமாவது தெரிந்திருக்கும்.

எல்வுட்

*

ஹெகின்ஸ்
செப்டம்பர் 19

எல்வுட்,

ஒரு கைதான் இருக்கிறது.

மார்ச் பதினொன்றாம் தேதி காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது லமாருக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது. கால் பாதி திரும்பியிருக்கிறது, ஊன்றுகோலைப் பிடித்துச் சமையலறை வரைக்கும் வருவான். கை வரவில்லை. இனிமேல் வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பேச்சில் பத்துப் பதினைந்து வார்த்தைதான் மிச்சம். அதில் சுத்தமாக வருவது 'சனியனே' ஒன்றுதான். பேச்சுப் பயிற்சிக்கு வந்த பெண் ஒவ்வொரு படமாகக் காட்டினாள். பூனை, சனியனே. நாற்காலி, சனியனே. கடைசியில் என்னைக் காட்டி "இவங்க யாரு?" என்று கேட்டாள். அதற்கும் அதேதான். நான் வெளியே போய்ச் சிரித்தேன், அப்புறம் அங்கேயே நின்று அழுதேன்.

நான் முதியோர் இல்லத்தில் காலை ஆறிலிருந்து இரண்டு மணி வரை வேலை பார்க்கிறேன். பதினேழு பேரைக் குளிப்பாட்டி, ஊட்டி, புரட்டிப் படுக்கவைத்துவிட்டு வீடு வந்தால் பதினெட்டாவது ஆள் காத்திருக்கிறான். என் முதுகு என்னுடையதாக இல்லை.

ஆகஸ்டில் அவனே பெட்டியைக் கைகாட்டி மேலே கொண்டுவரச் சொன்னான். இடது கையால் அரைமணி நேரம் தடவினான். சிக்கிமுக்கிக் கல்லைப் பிடித்திருக்கிற இரும்புப் பொறியைத் தூக்கப்போய்த் தரையில் போட்டான். அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான், எழுந்திருக்கவே இல்லை. "விடு, நான் பண்றேன்" என்று சொல்லிவிட்டேன். வாயில் வந்துவிட்டது. சொன்னதை இப்போது செய்ய வேண்டும். உனக்கு இஷ்டம் இருந்தால் சொல்லிக்கொடு, இல்லையென்றால் வேண்டாம். அவனுடைய கையைப் பற்றி மட்டும் இன்னொரு தடவை எழுதாதே.

அர்லீன்

*

கோடர்ஸ்போர்ட்
செப்டம்பர் 27

அர்லீன்,

எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. சொல்வதற்கு யாரையும் நான் விட்டுவைக்கவில்லை, அது என் தப்பு. போன கடிதத்தைத் தபாலில் போட்ட கையை உடைக்க வேண்டும்.

குழலைப் பதிக்கிற விதம். குழல் எட்டுப்பட்டை. கட்டையில் அதற்கு வாய்க்கால் வெட்டியே அனுப்பியிருப்பார்கள், ஆனால் இறுக்கமாக இருக்கும், முழுசாக உட்காராது. விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துக் குழலின் அடியில் மெலிதாகத் தடவு. கட்டையில் வைத்து அழுத்து, எடு. எங்கே கரி ஒட்டியிருக்கிறதோ அங்கேதான் மரம் தடுக்கிறது. அந்தக் கறுப்பை மட்டும் உளியால் சுரண்டு. திரும்பத் தடவு, திரும்ப வை, திரும்பச் சுரண்டு. நூறு தடவை ஆகும், இருநூறும் ஆகும். பொறியையும் இப்படியேதான் உட்காரவைக்க வேண்டும். சுத்தியல் பக்கம் போகாதே. முன்பக்கத்து மரம் முட்டை ஓடு மாதிரி மெலிசு.

இன்னொன்று. பொறிக்குப் பக்கத்தில் குழலில் ஒரு துளை போட வேண்டும். வெளியே துளி மருந்து வைக்கிற கிண்ணியில் பற்றுகிற தீ அது வழியாகத்தான் உள்ளே போய் மருந்தைப் பிடிக்கும். நாங்கள் நெருப்புத் துளை என்போம். அது இல்லாதவரை உன்னிடம் இருப்பது துப்பாக்கி இல்லை, இரும்புக் குழாய். பெட்டியில் வருகிற குழலில் அது இருக்காது. எல்லாம் முடிந்தபிறகுதான் அது. மற்ற எதில் தப்பினாலும் சமாளிக்கலாம், அதில் தப்பினால் குழலே பாழ். நான் சொல்லும்வரை தொடாதே.

எல்வுட்

*

ஹெகின்ஸ்
அக்டோபர் 12

எல்வுட்,

கரி வேண்டாம். முதல் நாளே என் வேலைச் சட்டை, சமையலறைத் துண்டு, லமாரின் நெற்றி எல்லாம் கறுப்பாகிவிட்டது. அலமாரியில் ஒரு லிப்ஸ்டிக் கிடந்தது, யாருடைய கல்யாணத்துக்கோ வாங்கியது. அதைத் தடவினேன். நன்றாகவே ஒட்டுகிறது. இனிமேல் எனக்கு வேறு எதற்கு அது?

இப்போது நீ திட்டப்போகிற விஷயம். பத்து நாள் சுரண்டினேன். கடைசி அரை அங்குலம் இறங்கவில்லை. அன்றைக்கு இல்லத்தில் ஒரு கிழவர் என் கையைக் கடித்துவிட்டார், ஆறு மணிநேரமாக உட்காரவில்லை, பொறுமை போய்விட்டது. மரச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினேன். ஒன்றே ஒன்று. முன்பக்கத்து மரம் ஐந்து அங்குலத்துக்குப் பிளந்துவிட்டது.

லமார் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். நான் கத்தின கத்தலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. திரும்பிப் பார்த்தால் இவன் சிரிக்கிறான், எல்வுட். வாய் ஒருபக்கம் கோணி, கண்ணில் தண்ணீர் வழிய. மார்ச்சுக்கு அப்புறம் அவன் சிரித்து இப்போதுதான் பார்க்கிறேன். "என்ன சிரிப்பு? வந்து நீ பண்ணு பாப்போம்!" என்று கத்தினேன். இன்னும் சிரித்தான்.

பக்கத்து வீட்டு நாய் என்றேனே, அது எங்கள் நாய்தான். போன வாரம் அவனே அதை ஸ்டாஃபர் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டான். எனக்கு முதலில் ஒருமாதிரி இருந்தது, அப்புறம் நிம்மதியாக இருந்தது. சோறு வைக்க ஒரு வாய் குறைந்தது.

பிளந்ததை என்ன செய்வது?

அர்லீன்

*

கோடர்ஸ்போர்ட்
அக்டோபர் 21

அர்லீன்,

திட்டவில்லை. முதல் துப்பாக்கியில் அந்த இடத்தைப் பிளக்காதவனை நான் பார்த்ததில்லை. நான் இரண்டு தடவை பிளந்தேன். மெல்லிய பசையைப் பிளவில் விட்டு, சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டி இறுக்கிச் சுற்று. ஒரு நாள் தொடாதே. சாயம் போட்டபிறகு நீயே தேடினாலும் கிடைக்காது.

லிப்ஸ்டிக்கை நானும் இங்கே முயன்று பார்த்தேன். கடைக்காரி ஒருமாதிரி பார்த்தாள். கரியைவிட நன்றாகத்தான் இருக்கிறது.

ஒரு விஷயம் எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன். எழுதிவிடுகிறேன். பன்னிரண்டு வருஷத்தில் நீ ஒரு தடவைகூடக் கீழே இறங்கி வந்து நான் என்ன செய்கிறேன் என்று பார்த்ததில்லை. லமார் வருவான், பீர் பாட்டிலோடு உட்காருவான், கேள்வி கேட்பான். நீ மாடிப்படியின் மேலே நின்று 'சாப்பாடு' என்பாய், அவ்வளவுதான். இப்போது அவனுக்காகக் கற்றுக்கொள்கிறாய். எனக்கு எரிகிறது. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

அடுத்தது, தோளில் பதிகிற பின்பக்கத்துப் பித்தளைத் தகடு. இதுவும் தடவிச் சுரண்டுகிற வேலைதான். அது முடிந்ததும் சாயம்: இரும்பைக் கரைத்த அமிலம் என்று கேட்டு வாங்கித் தடவு, பிறகு சூடு காட்டு.

எல்வுட்

*

ஹெகின்ஸ்
நவம்பர் 8

எல்வுட்,

நீ ஒரு தடவைகூட என்னைக் கீழே கூப்பிட்டதில்லை. நான் 'சாப்பாடு' என்றால் நீ 'வை' என்பாய். பன்னிரண்டு வருஷமும் இந்த இரண்டு வார்த்தையில் போய்விட்டது. லமாரும் உன்னோடு கீழேதான் இருந்தான், ஆனால் போகும்போது என்னைப் பார்த்து "இன்னிக்கி ரொம்ப அலுப்பா இருக்க போல" என்பான். அது போதுமானதாக இருந்தது. இப்போது நினைத்தால் எவ்வளவு மலிவாகப் போயிருக்கிறேன் என்று தோன்றுகிறது. ஆனால் பொய் இல்லை. நீ எரிவதில் எனக்கு ஆச்சரியமும் இல்லை, சண்டை போடத் தெம்பும் இல்லை.

தகடு உட்கார்ந்துவிட்டது, பொறியும். நேற்றுச் சாயம் போட்டேன். நீ சொன்ன அமிலத்தைத் தடவியதும் மரம் முழுக்கப் பாசி பிடித்த பச்சையாகிவிட்டது. சரி, தொலைத்துவிட்டோம் என்று நினைத்தேன். பிறகு சூடு காட்டினேன். பச்சை மெதுவாகச் சிவந்து, உள்ளேயிருந்து வரிவரியாக மேலே வந்தது. புலி முதுகு மாதிரி. "லமார், இங்க பாரு!" என்று ஓடிப்போய்க் காட்டினேன். ஐம்பத்தாறு வயதில் ஓடினேன். இதை முன்னாலேயே சொல்லியிருக்கலாம் நீ. வேண்டுமென்றேதான் சொல்லவில்லையா?

இன்னும் நாற்பத்தெட்டு நாள். லமார்தான் அவசரப்படுகிறான். முன்பு போல முரண்டு பிடிப்பதில்லை, சாப்பாட்டைத் தள்ளிவிடுவதில்லை. தேதி ஒன்று இருப்பதால் மனசு அடங்கியிருக்கிறது போலும். படகை மைத்துனனுக்குக் கொடுத்துவிட்டான். வண்டியை என் பேருக்கு மாற்றக் கையெழுத்துப் போட்டான், இடது கையால், அரைப்பக்கத்துக்கு ஒரு கிறுக்கல். வேட்டைக் கோட்டை ஸ்டாஃபரின் மகனுக்குக் கொடுக்கச் சொன்னான். வீடு காலியாகக் காலியாகக் கூட்டிப் பெருக்க எளிதாக இருக்கிறது.

துளை ஒன்றுதான் பாக்கி. எந்த அளவு துளைப்பான் வாங்க வேண்டும்?

அர்லீன்

*

கோடர்ஸ்போர்ட்
நவம்பர் 13

அர்லீன்,

இதை உட்கார்ந்து படி. அவன் பக்கத்தில் இல்லாதபோது படி.

துளை போடாதே.

அவனால் ஒரு கையால் மருந்து இடிக்க முடியாது. காட்டுக்குள் நடக்க முடியாது. அந்தப் பெட்டியில் வந்தது வலதுகைக்காரனுக்கான பொறி, இடது தோளில் வைத்தால் தீ முகத்துக்கு எதிரே சீறும். இவ்வளவு நாளும் நீயும் நானும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நான் கேட்டிருக்க வேண்டும். மான் பருவத்துக்கு என்கிறான். வேட்டைக் கோட்டைக் கொடுத்துவிட்டு எந்த மானைச் சுடப் போகிறான்?

நாய். படகு. வண்டி. கோட்டு. உனக்கு நிம்மதியாக இருந்தது என்று எழுதியிருந்தாய். அவன் திடீரென்று அடங்கிப்போனதுதான் எனக்கு நிம்மதியாக இல்லை.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். நீ என்னை விட்டுப் போனபின் வந்த பிப்ரவரியில் நானும் என் சாமான்களை ஒவ்வொன்றாகக் கொடுத்தேன். நல்ல உளிகளைத் துப்பாக்கிச் சங்கத்துக்குக் கொடுத்தேன். நாயை ஆறு மைல் தள்ளி ஒரு பண்ணையில் விட்டேன். அப்புறம் எனக்கு மனசு அப்படி லேசாக இருந்தது, வருஷக்கணக்கில் அவ்வளவு நன்றாகத் தூங்கியதில்லை. மூன்றாம் நாள் காலை நாய் வாசலில் நின்றது. பாதமெல்லாம் பனிக்கட்டி. அதற்குச் சோறு வைக்க எழுந்தேன். மறுநாளும் எழ வேண்டியிருந்தது. அவ்வளவுதான் கதை. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

உன்னைக் குத்திக்காட்ட இதை எழுதவில்லை. அவனிடம் நேராகக் கேள். டாக்டரிடமும் சொல். துளை மட்டும் போடாதே.

எல்வுட்

*

ஹெகின்ஸ்
நவம்பர் 18

உனக்கு எவ்வளவு தைரியம். உனக்கு அவனைப் பிடிக்காது என்பதற்காக அவன் தலையில் இதைக் கட்டுகிறாய். முப்பது வருஷமாக ஆளைப் பார்க்கிற வேலை எனக்கு. என் வீட்டில் இருக்கிறவனை எனக்குத் தெரியாதா? நான் துளைப்பான் வாங்கிவிட்டேன். இனி எழுதாதே.

*

ஹெகின்ஸ்
நவம்பர் 29

எல்வுட்,

கேட்டுவிட்டேன்.

நன்றி நாள் விருந்து முடிந்த மறுநாள். வெள்ளிக்கிழமை மத்தியானம். எனக்கு விடுமுறை. மிச்சக் கறியைச் சூடாக்கிக் கொடுத்தேன், சாப்பிட்டான். துப்பாக்கி மேசைமேல் இருந்தது, துளைப்பான் பக்கத்திலேயே. பத்து நாளாக அதைக் கையில் எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். உன்மேல் கோபத்தில் போட்டுவிடலாம் என்று தோன்றும். கை வராது.

"லமார், இத எதுக்கு இவ்ளோ அவசரமா முடிக்கச் சொல்ற?" என்றேன்.

"மான்" என்றான்.

"என்னப் பாத்துச் சொல்லு."

பார்க்கவில்லை. "உனக்கா?" என்று கேட்டேன். அவ்வளவுதான் கேட்டேன். அப்புறம் "ஆமா" என்றான். தெளிவாக. டாக்டர் பேர் கேட்டால் வராது, இது வந்தது.

நான் அடித்தேன், எல்வுட். அவனுடைய நல்ல தோளில், கையை மடக்கி, நாலைந்து தடவை. "உனக்குக் குண்டி கழுவி, சோறு ஊட்டி, உன் சாவுக்கும் நானே என் கையால செஞ்சு குடுக்கணுமா?" என்று கேட்டேன். இப்படியெல்லாம் பேசக்கூடாது என்று இல்லத்தில் எங்களுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். எல்லாம் மறந்துவிட்டது. அவன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். "மொதல்ல" என்றான். "மொதல்ல... ஆமா." "இப்ப?" என்று கேட்டேன். தலையை ஆட்டினான், இப்படியும் இல்லை, அப்படியும் இல்லை. "தெரில" என்றான். அப்புறம் துப்பாக்கியின் வரிகளைத் தடவிக்கொண்டே "அழகு" என்றான். அந்த வார்த்தை அவனிடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

திங்கட்கிழமை டாக்டரிடம் கூட்டிப் போகிறேன். வீட்டில் இருந்த மற்றத் துப்பாக்கிகளை ஸ்டாஃபர் வந்து எடுத்துப்போய்ப் பூட்டிவைத்திருக்கிறார். இது மட்டும் மேசைமேல் இருக்கிறது, இது இன்னும் வெறும் குழாய்தானே. துளைப்பானையும் ஸ்டாஃபரிடம் கொடுத்துவிட்டேன்.

உன்னைப் பற்றி நான் எழுதியதற்கு மன்னித்துக்கொள். உன் பிப்ரவரியைப் பற்றி என்ன சொல்வது என்று தெரியவில்லை. நான் போன அன்றைக்கு உன் முகத்தைப் பார்க்காமல் வண்டியில் ஏறினேன். பார்த்திருக்க வேண்டும்.

வெட்கத்தை விட்டு ஒன்று சொல்கிறேன். எனக்கு அது சுடுவதைப் பார்க்க வேண்டும். என் வாழ்க்கையில் நான் ஒன்றை முழுசாகச் செய்தது இதுதான். மற்றதெல்லாம் மறுநாள் காலையில் திரும்ப முதலிலிருந்து செய்ய வேண்டிய வேலை. அவனைக் காப்பாற்ற அதைக் குழாயாகவே விட்டுவிடு என்றால் விட்டுவிடுகிறேன். ஆனால் எனக்கு ஆசை இருக்கிறது. ரொம்பக் களைப்பாக இருக்கிறது, எனக்கு யோசிக்க வரவில்லை. நீ சொல்.

அர்லீன்

*

கோடர்ஸ்போர்ட்
டிசம்பர் 5

அர்லீன்,

நீ கேட்டாய் பார், அது என்னால் முடிந்திருக்காது.

சனிக்கிழமை, இருபத்தாறாம் தேதி காலையில் வருகிறேன். துளையை நான் போடுகிறேன், அவன் கண்ணெதிரே. மருந்தும் குண்டும் என் வண்டியில் வரும், என் வண்டியிலேயே திரும்பும். மருந்தை இடிப்பது நான், குழலைத் தாங்குவது நான், விசையை இழுப்பது மட்டும் அவன். நீ பின்னால் நின்று பார். முடிந்ததும் துப்பாக்கி என்னோடு கோடர்ஸ்போர்ட் வரும். அது உன்னுடையது, ஆனால் என் வீட்டில் இருக்கும். இதை அவனிடம் முன்கூட்டியே சொல்லிவிடு. ஒளித்துச் செய்ய வேண்டாம். ஒத்துக்கொள்ளாவிட்டால் நான் வரவில்லை. டாக்டர் வேண்டாம் என்றாலும் வரவில்லை.

பழைய கதை பேச வரவில்லை. அவனும் பேச முடியாது, எனக்கும் பேசத் தெரியாது. சரியாகத்தான் போகும்.

சாயத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. எனக்கு முதல் தடவை யாரும் சொல்லவில்லை.

எல்வுட்

*

ஹெகின்ஸ்
ஜனவரி 4, 2010

எல்வுட்,

நீ பார்த்தது உனக்குத் தெரியும். பின்னால் நின்று நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

சமையலறை மேசையில் நீ துளை போட்டபோது இரும்புச் சீவல் சுருள் சுருளாக விழுந்தது. லமார் அதை இடது கையால் ஓரமாக ஒதுக்கிக்கொண்டே இருந்தான், உனக்கு மறைக்காமல். பதினாலு வருஷத்துக்கு அப்புறம் பார்க்கிற இரண்டு பேர் ஒரு வணக்கம்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை. நீ "வெளக்க இப்டித் திருப்பு" என்றாய், அவன் திருப்பினான்.

கொல்லையில் நீ பனியில் மண்டிபோட்டு, குழலை மரம் அறுக்கிற தாங்கிமேல் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தாய். அவன் நாற்காலியில் உட்கார்ந்தபடி இடது தோளில் வைத்தான். முதல் தடவை கிண்ணியில் மட்டும் புஸ்ஸென்று பற்றி அணைந்தது. அவன் "சனியனே" என்றான். நீ "இப்பத்தான் ஒழுங்காப் பேசற" என்றாய். இரண்டாவது தடவை வெடித்தது. என் நெஞ்சுக்குள்ளேயே வெடித்த மாதிரி இருந்தது. புகை விலகியபோது அவனுடைய புருவம் பாதி கருகி இருந்தது, நீங்கள் இரண்டு பேரும் குறிப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். என்னை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

குண்டு குறிக்கு ஓர் அடி கீழே பட்டது. நான் தப்பாகச் செய்துவிட்டேன் என்று நினைத்தேன். நீ சொன்னாயே, "புதுத் துப்பாக்கி எப்பவும் கீழதான் அடிக்கும். குறி பாக்க முன்னாடி இருக்கற குமிழ வேணும்னே ஒசரமா விட்டிருப்பாங்க. சுடணும், ஒரு இழை அராவணும், திரும்பச் சுடணும். ஏப்ரல் ஆகும், மேகூட ஆகும். இதுல அவசரப்பட்டவன் குமிழயே அராவித் தீத்துருவான்." நீ துப்பாக்கியைப் போர்வையில் சுற்றி வண்டியில் வைத்தாய். நீ சாப்பிடாமல் போய்விட்டாய். பன்றிக்கறி வைத்திருந்தேன்.

அதற்கப்புறம் ஒரு வாரம் அவன் பேசவே இல்லை. ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு கொல்லையையே பார்த்தான். டாக்டர் கொடுத்த மாத்திரை வேலை செய்ய ஆறு வாரம் ஆகுமாம். நான் வேலைக்குப் போகிற நேரத்தில் ஸ்டாஃபரின் மனைவி வந்து உட்கார்ந்துகொள்கிறாள். அவள் இருக்கிறாள் என்று தெரிந்தும் இல்லத்திலிருந்து மூன்று தடவை போன் செய்கிறேன். எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் எழுத மாட்டேன். தப்புச் செய்துவிட்டோமோ என்றுகூட நினைத்தேன். எதிர்பார்க்க ஒன்று இருந்தது, அதையும் சுட்டு முடித்துவிட்டோம், இனி என்ன மிச்சம் என்று.

நேற்றுச் சாப்பிட்டதும் காகிதம் கேட்டான். பேனாவையும் கேட்டான். நான் பாத்திரம் கழுவினேன், துணி மடித்தேன், திரும்பி வந்தேன், இன்னும் எழுதிக்கொண்டிருந்தான். நாக்கைத் துருத்திக்கொண்டு, வியர்க்க வியர்க்க. முடித்ததும் என் பக்கம் தள்ளி, உன் ஊர் இருக்கிற வடக்குத் திசையைக் காட்டினான். நான் படித்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

அந்தக் காகிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். எழுத்துப் புரியாவிட்டால், அதில் இருப்பது இதுதான்:

'கீழ போகுது. அரம் எடுத்துட்டு வா.'

எனக்குச் சனிக்கிழமை விடுமுறை. வரும்போது சாப்பிட்டுவிட்டு வராதே.

அர்லீன்